பத்தாம் நாள் வாத்துகள்

வெயிலுமுத்து கடைசியாக மாடக்கண்ணை உயிரோடு பார்த்தபோது, மாடக்கண்ணின் தலையில் பானை இருந்தது. ஆகவே முகத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பானையில் கண்ணுக்கு நேராக இரண்டு ஓட்டைகள். அந்த ஓட்டைகளுக்குள் ஈரமாக ஏதோ மின்னியது. அவ்வளவுதான்.

தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் மாடக்கண் பானைக்குள்ளிருந்து ஏதோ சொன்னான். பானைக்குள் பேசினால் குரல் கிணற்றடியிலிருந்து வருவது போல இருக்கும்.

"என்னது மாப்ளே?" என்று வெயிலுமுத்து கேட்டான்.

பதில் வரவில்லை. பானை கோரையை விலக்கிக்கொண்டு போய்விட்டது.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக் குளங்களில் வாத்து பிடித்தது இப்படித்தான். கார்த்திகை பிறந்ததும் வடக்கிலிருந்து வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்மண்டையில் கறுப்பாக இரண்டு பட்டை. இருட்டில் வயலில் மேய்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் குளத்தின் நடுவே வந்து மிதந்துகொண்டே தூங்கும். கூட்டத்தில் ஒன்றிரண்டு மட்டும் கழுத்தை நீட்டி விழித்திருக்கும். மனிதத் தலை ஒன்று தண்ணீருக்கு மேல் தெரிந்தால் போதும். அது குரல் கொடுக்கும். நானூறு வாத்தும் எழுந்துவிடும்.

அதனால்தான் பானை. பதினொரு பானைகளின் வாயைத் தேங்காய் நாரும் களிமண்ணும் வைத்து அடைத்து, கவிழ்த்துக் குளத்தில் மிதக்கவிடுவார்கள். காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போகும். சாயங்காலம் போய் எடுத்து வந்து மறுபடி விட வேண்டும். ஒன்பது நாள் இப்படி. பத்தாம் நாள் பன்னிரண்டாவது பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆள் இறங்குவான். வாத்துக்கு அதுவும் ஒரு பானை. பக்கத்தில் போய், தண்ணீருக்கடியில் கையை நீட்டி, காலைப் பிடித்து ஒரே இழுப்பு. அடுத்த வாத்துக்குக்கூடத் தெரியாது. கழுத்தைத் திருகி இடுப்புக் கயிற்றில் செருகிக்கொண்டு அடுத்ததற்குப் போவான்.

கரையில் ஒருவன் நின்று பார்க்க வேண்டும். அவனுக்கு வேறு வேலை கிடையாது. குளத்தடியில் சேறு உண்டு, தாமரைத் தண்டு உண்டு. தலையில் பானை இருப்பவனால் கத்த முடியாது. கத்தினாலும் கேட்காது. பன்னிரண்டு பானைகளில் ஆள் இருக்கும் பானை எது என்று கண்டுபிடித்து, அதை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காற்றோடு போவது வெறும் பானை. காற்றை மதிக்காதது ஆள் பானை. எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அன்று வெயிலுமுத்து ஒரு பானையைக் கண்டுபிடித்தான். குளத்தின் நடுவே, வாத்துக் கூட்டத்துக்குப் பத்தடி தள்ளி, அது அசையாமல் நின்றது. மற்ற பானைகள் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. இது நின்றது. மாடக்கண்ணுக்குப் பொறுமை அதிகம் என்று அவன் நினைத்தான். நேரம் போகப்போக, இவ்வளவு பொறுமையா என்று நினைத்தான். வீட்டுக்குப் போனதும் இதைச் சொல்லிக் கேலி செய்ய வேண்டும் என்றும் நினைத்தான். நிழல் ஒரு முழம் நகர்ந்தது.

அப்போது காற்று திரும்பியது. அந்தப் பானையும் இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்பியது. அதில் கண் இல்லை.

தாமரைத் தண்டில் மாட்டிக்கொண்ட வெறும் பானை.

கண் இருந்த பானை எப்போதோ கிழக்கே போய்விட்டிருந்தது. மற்றவற்றோடு சேர்ந்து, மற்றவற்றைவிட இரண்டு விரற்கடை தாழ்வாக. அதை வெயிலுமுத்து பார்த்திருந்தான். வெறும் பானை என்று விட்டிருந்தான்.

மாடக்கண் மறுநாள் மத்தியானம் கிடைத்தான். இடுப்பில் இரண்டு வாத்துகள் இருந்தன.

ஊரில் யாரும் வெயிலுமுத்துவைக் குற்றம் சொல்லவில்லை. மாடக்கண்ணின் மனைவி உலகம்மாள் மூன்றாம் நாள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க எந்தப் பானையைப் பாத்தீங்க அண்ணாச்சி?"

அவன் குளத்தின் பக்கம் கையை நீட்டினான். எடுக்க யாரும் போகாததால் தண்டிலிருந்து விடுபட்டது உட்பட எல்லாப் பானைகளும் எதிர்க்கரை ஓரத்தில் முட்டிக்கொண்டு கிடந்தன. எது என்று அவனால் காட்ட முடியவில்லை. கையை நீட்டியபடியே நின்றான். அவள்தான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து பயம்.

முதலில் குளத்தைப் பார்க்கப் பயந்தான். பிறகு கிணற்றடியில் கவிழ்த்து வைத்த குடத்தைப் பார்க்கப் பயந்தான். சந்தைக்குப் போனால் பானைக் கடை இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிப் போனான். கவிழ்ந்திருக்கும் எதற்கு அடியிலும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு, அவன் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பதாகத் தோன்றியது. கூடையைக் கவிழ்த்துக் கோழியை மூடினால்கூட எழுந்து போய்த் திறந்துவிடுவான். இப்படி அடுத்த வீட்டுக் கோழிக்குஞ்சுகள் நான்கைப் பருந்துக்குக் கொடுத்த பிறகு, அந்த வீட்டுக்காரி அவனைப் பார்த்தாலே கூடையின் மேல் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள்.

ஊரிலிருந்து நாலு மைல் தள்ளி ஒரு பாறை. அதன் மேல் ஒரு சின்ன மடம். அங்கே இருந்தவரைப் பாறைச் சாமி என்பார்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. பிரசங்கம் செய்ய மாட்டார். யாராவது வந்து ஏதாவது கேட்டால் கத்தரிச் செடியில் புழு எடுக்கச் சொல்வார். பாதிப் பேர் புழு எடுத்து முடித்ததும் கேட்க வந்ததை மறந்துவிட்டுப் போய்விடுவார்கள். மீதிப் பேர் மறுபடி வருவதில்லை.

வெயிலுமுத்துவுக்கு அப்போது ஐம்பத்தொன்று. மடத்து வாசலில் நின்று முதலில் கேட்டது இதுதான்:

"இங்க இருந்து பாத்தா குளம் தெரியுமா சாமி?"

"தெரியாது. பாறை மறைக்கும்."

"அப்ப நான் இங்க இருந்துக்கிடுதேன்."

பாறைச் சாமி அவனை அடுப்பங்கரை வாசலுக்குக் கூட்டிப்போனார். "ரசத்துக்கு உப்புப் போடத் தெரியுமா?" என்று கேட்டார். "எனக்கு அது மட்டும் வர மாட்டேங்குது."

அப்படித்தான் பாறைச் சாமி குருவானார், வெயிலுமுத்து சீடனானான்.

ஒரு வருடம் இருந்தான். சமைத்தான், கூட்டினான், கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தான். கழுவிய பாத்திரத்தை அவன் கவிழ்த்து வைப்பதில்லை. நிமிர்த்தியே வைப்பான். அதில் தூசி விழும், பல்லி விழும். சாப்பிடும் முன் ஒவ்வொன்றையும் குருவே மறுபடி கழுவிக்கொள்வார்.

மாதம் ஒரு முறையாவது வெயிலுமுத்து கேட்பான். இந்தப் பயத்தை எடுத்துவிடுங்கள் சாமி என்பான். குரு ஒவ்வொரு முறையும், தாலுகா அலுவலகத்தில் மனுவை வாங்கி வைப்பவரைப் போல, பார்க்கலாம் என்பார்.

அடுத்த கார்த்திகையில் ஒருநாள் காலை தலைக்கு மேல் சத்தம் கேட்டது. வெயிலுமுத்து அண்ணாந்து பார்க்கவில்லை. எத்தனை வரிசை, எந்தக் குளத்துக்குப் போகிறது என்பது சத்தத்திலேயே அவனுக்குத் தெரியும். அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்கு ஒரு வாரம் கழித்து உலகம்மாள் வந்தாள். நாலு மைல் நடந்து வந்திருந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மடத்துப் புடலைப் பந்தலைப் பார்த்து, காயெல்லாம் வளைந்து போயிருக்கிறதே, நுனியில் கல் கட்டத் தெரியாதா இந்த மடத்தில் என்று கேட்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

பானைகளை மிதக்கவிட்டு இன்றோடு எட்டு நாள் என்றாள்.

யார் இறங்குவது என்று வெயிலுமுத்து கேட்டான்.

அவள்தான். அவளுக்கு நிலம் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். சின்ன வயதிலிருந்து அதே குளத்தில் முங்கித் தாமரைக் கிழங்கு எடுத்தவள். மாடக்கண்ணைவிட அவளுக்கு மூச்சு அதிகம். அது மாடக்கண்ணுக்கே தெரியும், வெளியில் சொல்ல மாட்டான். வாத்து இருப்பது பங்குனி வரைதான். அதற்குள் பிடித்து உப்புக்கண்டம் போட்டு வைத்தால், அடுத்த கார்த்திகை வரை பிள்ளைகளுக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது இருக்கும். இதையெல்லாம் அவள் புடலைக்காயைப் பற்றிப் பேசிய அதே குரலில் சொன்னாள்.

கரையில் நிற்க ஆள் வேண்டும் என்றாள்.

வெயிலுமுத்து அவள் குடித்த செம்பைக் கீழே வைத்தான்.

"என்னையா கேக்க?"

"உங்களத்தான்."

"ஊர்ல எத்தனை பேர் இருக்கான். உன் கொழுந்தன் இருக்கான்."

"அவரு பீடி பத்த வைக்கத் திரும்புவாரு. பத்த வைக்க ஒரு குச்சி போதாது அவருக்கு."

"உலகம்மா, நான் உன் புருசனையே..."

"தெரியும்" என்றாள் அவள்.

அவன் முடியாது என்று சொன்னான். மூன்று முறை சொன்னான். அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"நாளைக்கழிச்சுப் பத்தாம் நாள். வெயில் ஏறினதும் இறங்குவேன். நீங்க வந்தாலும் இறங்குவேன், வராட்டாலும் இறங்குவேன்."

போகும்போது பந்தலடியில் கிடந்த நாலு சிறு கற்களை எடுத்து நார் கிழித்துப் புடலங்காய்களின் நுனியில் கட்டிவிட்டுப் போனாள்.

வெயிலுமுத்து குருவிடம் ஓடினான். அவர் பின்பக்கம் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். காலில் விழுந்தான்.

"முட்டி வலிக்கும், எந்திரியும்" என்றார் குரு.

அவன் எழவில்லை. நாளை ஒரு நாள்தான் இருக்கிறது, அதற்குள் இந்தப் பயத்தை எடுத்துவிட வேண்டும், எடுத்தால்தான் அங்கே போய் நிற்க முடியும், இந்தப் பயத்தோடு போனால் அவளையும் கொன்றுவிடுவேன் என்றான். பாறையில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னான்.

குரு புளியை ஓரமாகத் தள்ளினார்.

"மடத்துல எத்தனை பானை இருக்கு?"

"ஒன்பது. ஒண்ணு விளிம்பு உடைஞ்சது."

"காலையில எல்லாத்தையும் முத்தத்துல கொண்டு போய்க் கவுத்து வையும். வச்சிட்டு உக்காந்து பாரும். நான் வந்து கேப்பேன்."

மறுநாள் காலை வெயிலுமுத்து ஒவ்வொரு பானையாக எடுத்து வந்து முற்றத்தில் வைத்தான். கவிழ்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டான். ஒன்பதையும் வைத்து முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. பிறகு எதிரே உட்கார்ந்தான்.

வெறும் மண்பானைகள். எதிலெதில் கீறல் என்பதுகூட அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றைப் பார்த்தால், கண்ணோரத்தில் இன்னொன்று நகர்ந்தது. அதைத் திரும்பிப் பார்த்தால் அது நின்றுவிட்டது, முதலாவது நகர்ந்தது. உடைந்த விளிம்புக்கடியில் இருட்டாக ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் ஏதோ மின்னுவது போல இருந்தது. எறும்பு. இல்லை, எறும்பு வெளியே போய்விட்டது, இப்போதும் மின்னுகிறது. வெயில் ஏறியது. எழுந்து ஓடிவிடலாம் என்று பத்து முறை தோன்றியது. ஓடினால் ஒன்பதையும் பார்க்க ஆள் இருக்காது என்று தோன்றி உட்கார்ந்தான். மத்தியானம் சாப்பிடவில்லை. ஒன்றிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து ஒன்று என்று கண்ணை ஓட்டிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் குரு வந்தார்.

"எதுலயாவது ஆள் இருக்கா?"

"இல்ல சாமி."

"நிச்சயமா?"

வெயிலுமுத்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான்.

"இதுக்குள்ள ஒரு பூனை உக்காரலாம்" என்றார் குரு. "மனுசன் எப்படி உக்காருவான்? நிச்சயமா இல்லைன்னு சொல்லும்."

"அதெல்லாம் புத்திக்குத் தெரியுது. ஆனா நிச்சயமான்னு கேட்டா சொல்ல வரலை சாமி."

"போன வருசம் அந்தப் பானையைப் பாத்துக்கிட்டு நின்னீரே, அப்ப நிச்சயமா இருந்தீரா?"

"இருந்தேன்."

குரு குனிந்து பானைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். ஒன்பதாவதை நிமிர்த்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"விடியும் முன்ன கிளம்பும். நாலு மைல் இருக்கு."

"பயம் அப்படியே இருக்கே சாமி. ஒரு துளிகூடக் குறையலையே."

"திரும்பி வந்தப்புறம் பாக்கலாம்" என்றார் குரு.

வெயிலுமுத்து இதை இரக்கமில்லாத பேச்சு என்று நினைத்தான். வெகுநாள் வரை அப்படித்தான் நினைத்திருந்ததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறான். ஆனாலும் போனான்.

குளத்தங்கரையில் உலகம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். இடுப்பில் கயிறு. கையில் பானை. புதுப் பானை. ஓட்டை அவளே போட்டிருந்தாள், இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா? நீங்களே முதல்ல விழுந்திருவீங்க போலயே" என்றாள்.

பானையைக் கவிழ்த்துக்கொண்டாள். கோரைக்குள் இறங்கினாள்.

தண்ணீரின் மேல் பன்னிரண்டு பானைகள். நடுவே நானூறு வாத்துகள், கழுத்தை முதுகில் மடித்துக்கொண்டு. காற்று மேற்கிலிருந்து லேசாக வந்தது.

அவள் பானையை வெயிலுமுத்து பிடித்துக்கொண்டான். காற்றுக்குக் குறுக்கே போகும் பானை. கணக்குப்படி அதுதான். ஆனால் கணக்கை நம்ப அவனுக்குத் தைரியமில்லை. மற்ற பதினொன்றையும் பார்த்தான். மறுபடி அவள் பானை. மறுபடி எல்லாம். எண்ணினான், பன்னிரண்டு. எண்ணினான், பதின்மூன்று. பதின்மூன்றாவது முங்கியது. தூரத்தில் போய் எழுந்து கழுத்தை உதறியது. நீர்க்காகம். எண்ணினான், பன்னிரண்டு.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு வாத்து இருந்தது. பிறகு அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. பக்கத்து வாத்து கண்ணைத் திறந்து, மூடிக்கொண்டது.

ஒன்று, என்று வெயிலுமுத்து நினைத்தான். பற்கள் அடித்துக்கொண்டன.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

பிறகு அந்தப் பானை நின்றது. நிற்பதில் தப்பில்லை. காத்திருக்கிறாள். அவன் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். முப்பது வரை நின்றது. நாற்பது வரை நின்றது. பிறகு மெல்லத் திரும்பியது.

அதில் கண் இருந்தது. ஒன்று மேலே, ஒன்று கீழே, இரண்டு கறுப்பு ஓட்டைகள். வாத்துகளைப் பார்த்திருக்க வேண்டியவை. இப்போது கரையைப் பார்த்தன. அவனைப் பார்த்தன.

இறங்கியவன் கரையைத் திரும்பிப் பார்ப்பது வழக்கமில்லை. களைத்துப் போயிருக்கலாம். கயிற்றைச் சரி செய்யத் திரும்பியிருக்கலாம். அலை தள்ளியிருக்கலாம். உள்ளே கண் திறந்திருக்கலாம், திறக்காமலும் இருக்கலாம். வெயிலுமுத்துவுக்கு எது என்று தெரியவில்லை. நிச்சயமாகத் தெரியவில்லை.

அடுத்த கணம் அவன் தண்ணீருக்குள் இருந்தான். தான் கத்துவது அவனுக்கே கேட்டது. வார்த்தை இல்லாமல், மாட்டை விரட்டுபவனைப் போலக் கத்தினான். காவல் வாத்து குரல் கொடுத்தது. நானூறு வாத்தும் ஒன்றாக எழுந்தன. வானம் இரைந்தது. அவன் தலைக்கு மேல் தண்ணீரும் இறகும் கொட்டின. கையை வீசிக்கொண்டு போனான். வெறும் பானை ஒன்று முகத்தில் மோதியது, தள்ளிவிட்டுப் போனான். கண் இருந்த பானையை எட்டிப் பிடித்து, இரண்டு கையாலும் மேலே தூக்கினான்.

உலகம்மாள் இருந்தாள். தண்ணீர் கீழுதட்டில் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் கோபம் இருந்தது.

"ஏன் வந்தீங்க?"

அவன் பானையைத் தலைக்கு மேலே பிடித்தபடியே நின்றான்.

"இன்னும் நாலு வாத்தாவது பிடிச்சிருப்பேன். எல்லாம் போச்சு. பாருங்க, ஒண்ணு இருக்கா? எதுக்குக் கத்துனீங்க?"

"நீ... ஏன் திரும்புன?"

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பாக்கீங்களான்னு பாத்தேன்" என்றாள்.

கரைக்கு வரும்வரை அவள் கை அவன் தோளிலேயே இருந்தது. மேலே ஏறி உட்கார்ந்ததும், இடது கணுக்காலைச் சுற்றி இரண்டு சுற்றாகக் கிடந்த தாமரைத் தண்டைப் பிய்த்து எறிந்தாள். அவன் பார்த்தான். அவள், அவன் பார்ப்பதைப் பார்த்தாள்.

அவள் சேலையைப் பிழிந்தாள். இடுப்பில் இருந்த இரண்டு வாத்துகளை அவிழ்த்துப் புல்லில் போட்டாள். வாத்து இனி லேசில் இறங்காது, இறங்கினாலும் பானையைக் கண்டால் எழுந்துவிடும், முதலிலிருந்து ஒன்பது நாள் மிதக்கவிட வேண்டும் என்று சொன்னாள். இதையும் அதே குரலில்தான் சொன்னாள்.

பிறகு, "பத்தாம் நாள் வாங்க" என்றாள். "வரும்போது அந்தத் தொண்டையை மட்டும் மடத்துல வச்சிட்டு வாங்க."

வெயிலுமுத்து மடத்துக்குத் திரும்பியபோது மத்தியானம் தாண்டியிருந்தது. வேட்டி உடம்பிலேயே காய்ந்து, சேற்று வாடை வீசியது. குரு கத்தரிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவன் போய் எதிரே நின்றான். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். தாமரைத் தண்டையும் சொன்னான். கடைசியில், நானூறு வாத்தையும் என் பயம்தான் கலைத்தது, ஒரு வீட்டுக் கஞ்சியைக் கலைத்தது, திரும்பி வந்த பிறகு பார்க்கலாம் என்று சொன்னீர்களே, இப்போதாவது எடுத்துவிடுங்கள் என்றான்.

குரு ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"முதல் நாள் பானை மிதந்தா வாத்து என்ன செய்யும்?"

"எந்திரிச்சுப் பறந்திரும் சாமி."

"அஞ்சாம் நாள்?"

"தண்ணியிலதான் இருக்கும். ஆனா ஒதுங்கி ஒதுங்கிப் போகும்."

"பத்தாம் நாள்?"

"பானையில உரசிக்கிட்டே தூங்கும்."

"அதுக்குப் பானைன்னா ஒரு பயம் இருந்துதே. யார் எடுத்தா?"

"நாங்கதான்."

"எதுக்கு எடுத்தீங்க?"

வெயிலுமுத்து பந்தல் பக்கம் திரும்பிக்கொண்டான். காற்றில் புடலங்காய்கள் லேசாக ஆடின.

"உமக்கும் எடுக்கணும்னா சொல்லும்" என்றார் குரு. "பத்து நாள் போதும்."

அவன் உட்கார்ந்து புழு எடுக்க ஆரம்பித்தான்.

அதன் பிறகு பதினான்கு கார்த்திகை உலகம்மாள் குளத்தில் இறங்கினாள். பதினான்கிலும் கரையில் வெயிலுமுத்துதான் நின்றான். ஒவ்வொரு முறையும் அவனுக்கு வேர்த்தது, பற்கள் அடித்துக்கொண்டன. நாலைந்து தடவை ஒன்றுமில்லாததற்குக் கத்தி வாத்தைக் கலைத்து, அவளிடம் வசவு வாங்கினான். பிறகு வாத்து பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பானைகள் வேறு வேலைக்குப் போயின. குரு ஒருநாள் வந்தது போலவே எங்கேயோ போய்விட்டார். மடத்தின் கூரை விழுந்துவிட்டது. வெயிலுமுத்து இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

உலகம்மாள் இருக்கிறாள்.